ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, தலைக்கு மேலே மின்கம்பி: கானமயில் இனம் பிழைக்குமா? முழு விளக்கம்

1969-ல் இந்தியாவில் சுமார் 1,260 கானமயில்கள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 150 மட்டுமே. அதில் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்துப் பாலைநிலத்தில் வாழ்கிறது. அதே நிலத்தில்தான் நாட்டின் மிகப்பெரிய சூரிய மின்சக்திப் பூங்காக்களும் காற்றாலைகளும் எழுந்து நிற்கின்றன.

பறவையைக் காப்பாற்றுவதா, பசுமை மின்சாரத்தை வளர்ப்பதா என்ற இந்த வழக்கு பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் நடந்து, 2025 டிசம்பரில் முக்கியமான தீர்ப்பு வந்தது. இன்னொரு பக்கம், இனப்பெருக்க மையங்களில் குஞ்சுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. செயற்கைக் கருவூட்டல் மூலம் குஞ்சும் பிறந்துவிட்டது.

அப்படியென்றால் ஆபத்து நீங்கிவிட்டதா? இந்தப் பறவை எப்படி வாழ்கிறது, எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

கானமயில் மயில் இனமா?

இல்லவே இல்லை. பெயரில் மட்டும்தான் மயில். உயரம் சுமார் ஒரு மீட்டர். பழுப்பு நிற முதுகு, நீண்ட வெள்ளைக் கழுத்து, தலையில் தொப்பி வைத்தது போலக் கறுப்புக் கொண்டை. ஆண் பறவையின் மார்பில் கறுப்புப் பட்டை ஒன்றும் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் சின்ன நெருப்புக்கோழி நடந்து போவது போலத் தெரியும்.

ஆனால் நெருப்புக்கோழியைப் போல இல்லாமல், இது நன்றாகப் பறக்கும். வளர்ந்த ஆண் 15 கிலோ வரை எடை இருக்கும். உலகில் பறக்கக்கூடிய மிகக் கனமான பறவைகளில் இதுவும் ஒன்று. சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வரும். பெண் பறவை ஆணைவிடச் சிறியது.

ராஜஸ்தான் மக்கள் இதை 'கோடாவண்' என்பார்கள். அந்த மாநிலத்தின் மாநிலப் பறவையும் இதுதான். மகாராஷ்டிராவில் 'மாள்டோக்'. பறவையியலாளர் சலீம் அலி இதைத்தான் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்க வேண்டும் என்று விரும்பினார். 1963-ல் அந்தப் பெருமை மயிலுக்குப் போனது.

எங்கே இருந்தது, எங்கே போனது?

ஒரு காலத்தில் பஞ்சாப் தொடங்கி தமிழ்நாடு வரை, மழை குறைந்த புல்வெளிகள் எல்லாவற்றிலும் கானமயில் இருந்தது. அடர்ந்த காடு இதற்கு ஆகாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பில்லாத நிலம் வேண்டும். குட்டையான புல், அங்கங்கே முட்புதர், ஓரமாகக் கொஞ்சம் மானாவாரி வயல் இருந்தால் போதும்.

வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, ஓணான், சிறு பாம்பு, எலி, இலந்தைப் பழம், தானியம் எனக் கிடைப்பதைத் தின்னும். பயிரைத் தின்னும் பூச்சிகளை நிறையப் பிடிப்பதால் விவசாயிக்கு வேண்டாத விருந்தாளி என்றும் சொல்ல முடியாது.

முதலில் எண்ணிக்கையைக் குறைத்தது வேட்டை. ராஜாக்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் விளையாட்டாகச் சுட்டார்கள். ஜீப் வந்த பிறகு துரத்திச் சுடுவது இன்னும் எளிதானது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. கானமயில் அதன் முதல் அட்டவணையில், புலிக்கு இணையான பாதுகாப்பில் இருக்கிறது.

ஆனாலும் எண்ணிக்கை இறங்குவது நிற்கவில்லை. 2008 வாக்கில் சுமார் 300. 2011-ல் சுமார் 250. அந்த ஆண்டுதான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அருகிவிட்ட இனம்' என்ற பிரிவுக்கு மாற்றியது. காட்டில் முழுவதுமாக அழிந்துபோவதற்கு முந்தைய படி அது.

இப்போது ராஜஸ்தானுக்கு வெளியே குஜராத்தின் கட்ச், மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆகிய இடங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எப்போதோ மறைந்துவிட்டது.

வெறும் தரையில் ஒரு முட்டை

வேட்டை நின்ற பிறகும் ஏன் எண்ணிக்கை ஏறவில்லை? இங்கேதான் இந்தப் பறவையின் வாழ்க்கை முறையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடையின் தொடக்கத்தில் இருந்து மழைக்காலம் முடியும் வரை இனப்பெருக்கக் காலம். ஆண் பறவை கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து நிற்கும். தொண்டையில் உள்ள வெள்ளைப் பையைக் காற்றால் நிரப்பிக்கொள்ளும். அந்தப் பை கால்கள் வரை தொங்கும். வாலை முதுகின் மேல் மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஆழமான குரலில் முழங்கும். அமைதியான வேளையில் அந்தச் சத்தம் அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். பெண் பறவைகள் தேடி வரும்.

இணை சேர்ந்ததும் ஆணின் வேலை முடிந்தது. அதன் பிறகு எல்லாமே தாயின் பொறுப்பு.

கூடு என்று எதுவும் கிடையாது. வெறும் தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, அதில் ஒரு முட்டை. அபூர்வமாக இரண்டு. மூன்று, நான்கு வாரம் அடைகாக்க வேண்டும். இத்தனை நாளும் அந்த முட்டை நரி, நாய், கீரி, உடும்பு, காகம் ஆகிய எல்லாவற்றின் கண்ணிலும் படாமல் தப்ப வேண்டும். மேயும் மாட்டின் குளம்பில் மிதிபடாமலும் தப்ப வேண்டும்.

எதிரி நெருங்கினால் தாய்ப்பறவை காலைத் தொங்கப்போட்டு, அடிபட்டது போலத் தாழப் பறந்து, எதிரியைத் தன் பின்னால் இழுத்துப் போகப் பார்க்கும். மற்றபடி அதனிடம் வேறு ஆயுதம் இல்லை.

குஞ்சு பிழைத்துவிட்டால், அடுத்த இனப்பெருக்கக் காலம் வரைகூடத் தாயோடு சுற்றும். பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆண் இணை சேரத் தயாராக அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சிட்டுக்குருவி ஆண்டுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து முட்டை இடும். அதில் பாதி போனாலும் அடுத்த ஆண்டு கூட்டம் பழைய நிலைக்கு வந்துவிடும். கானமயிலுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 கானமயில்கள் உள்ள கூட்டத்தில் 50 பெண் என்று வைத்துக்கொள்வோம். அதில் முட்டையிடும் வயதில் உள்ளவை 30. ஆளுக்கு ஒன்று என 30 முட்டை. பாதியை நரியும் நாயும் கொண்டுபோனால் மிச்சம் 15 குஞ்சு. அந்த 15-ல் எல்லாமே பெரிதாகிவிடாது. ஆக, ஒரு நல்ல ஆண்டில்கூடக் கூட்டத்தில் புதிதாகச் சேர்வது பத்துக்குள்தான் இருக்கும்.

இந்த நிலையில், வயது முதிர்ந்து இயற்கையாகச் சாகும் பறவைகளோடு சேர்த்து, வளர்ந்த பறவைகள் பத்து விபத்தில் செத்தால் என்ன ஆகும்? எண்ணிக்கை கீழே போகும். ஒவ்வொரு ஆண்டும் இதே நடந்தால் பூஜ்ஜியம்தான்.

அதனால்தான் நிபுணர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். குஞ்சு பொரிக்க வைப்பது முக்கியம். அதைவிட முக்கியம், வளர்ந்த பறவை அநியாயமாகச் சாகாமல் பார்த்துக்கொள்வது.

அப்படி அநியாயமாகச் சாகடிப்பது எது?

முதல் காரணம் மின்கம்பி. இந்திய வனவிலங்கு நிறுவனம் தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்தது. அங்கே மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் சாவதாக மதிப்பிட்டது. இது எல்லா வகைப் பறவைகளையும் சேர்த்த எண்ணிக்கை. கானமயில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 இப்படிச் சாகலாம் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. மேலே போட்ட கணக்கோடு இந்த 18-ஐ வைத்துப் பாருங்கள். ஆபத்து எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இவ்வளவு பெரிய கம்பி ஏன் கண்ணில் படுவதில்லை? கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். திறந்த வெளியில் எந்தப் பக்கம் இருந்து நரி வந்தாலும் பார்த்துவிட அது உதவும். ஆனால் நேர் எதிரே துல்லியமாகப் பார்க்கும் பரப்பு குறுகலானது. பறக்கும்போது கீழே தரையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினால், எதிரே வருவது தெரியாமலே போகலாம்.

கம்பி கண்ணில் பட்ட பிறகும் சிக்கல்தான். 10, 15 கிலோ உடம்பு சட்டென்று திரும்பாது. பாரம் ஏற்றிய லாரி பிரேக் போட்டதும் நிற்காது அல்லவா, அது போலத்தான். பல லட்சம் ஆண்டுகளாக இந்தப் பறவை வாழ்ந்த வானத்தில் எதிரே எதுவுமே நின்றதில்லை. கோபுரமும் கம்பியும் வந்தது சில பத்தாண்டுகளுக்குள்தான்.

இரண்டாவது காரணம் நாய்கள். ஊர்களிலும், திட்டப் பணி நடக்கும் இடங்களிலும் சேரும் உணவுக் கழிவு நாய்க்கூட்டத்தைப் பெருக்குகிறது. அவை முட்டையையும் குஞ்சையும் குறிவைக்கின்றன.

'தரிசு' என்று எழுதப்பட்ட வீடு

மூன்றாவது காரணம் நிலம். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் புல்வெளிகள் பெரும்பாலும் 'தரிசு' என்றே எழுதப்பட்டிருக்கின்றன. காட்டை வெட்டினால் கேள்வி வரும். தரிசை எடுத்தால் யாரும் கேட்பதில்லை.

நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கு என்ன கதி ஆனதோ, அதேதான் அங்கேயும். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்ததும் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதி பாசன வயலாக மாறியது. பூச்சிமருந்து வந்தது. பூச்சி குறைந்தது. வேலிகள் வந்தன. சாலைகள் வந்தன. மிச்சம் இருந்த இடத்துக்கு சோலார் பேனல்கள் வந்தன. ஆண்டுக்குப் பெரும்பாலான நாட்கள் வெயில், சமதளம், மலிவான நிலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் நிறுவனங்கள் ஜெய்சல்மேரைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

ராஜஸ்தான் கிராமங்களில் 'ஓரண்' என்ற வழக்கம் உண்டு. ஊர் தெய்வத்தின் பெயரால் விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். நம்மூர்க் கோயில்காடு மாதிரி. அங்கே மரம் வெட்டக் கூடாது, உழக் கூடாது. கானமயிலுக்கு இந்த ஓரண்கள் பெரிய அடைக்கலம். இவற்றில் பலவும் அரசுக் கணக்கில் தரிசுதான். அதனால் 'எங்கள் ஓரணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்' என்று கிராம மக்கள் நடைபயணம் போகும் நிலை வந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் நடந்தது என்ன?

முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வனவிலங்கு ஆர்வலருமான எம்.கே.ரஞ்சித்சிங் 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர். இந்த வழக்கில் மூன்று திருப்பங்கள்.

2021 ஏப்ரல்: சுமார் 99,000 சதுர கி.மீ. பரப்பில் மின்கம்பிகளை நிலத்துக்கு அடியில் கொண்டு செல்ல வேண்டும், முடியாத இடங்களில் கம்பியில் எச்சரிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பரப்பு தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் முக்கால் பங்கு.

2024 மார்ச்: இந்த உத்தரவை நிறைவேற்றுவது சாத்தியமில்லை என்று மத்திய அரசு சொன்னது. உயர் அழுத்த மின்சாரத்தை நீண்ட தூரத்துக்கு நிலத்தடி கேபிளில் கொண்டு போவதில் தொழில்நுட்பச் சிக்கல் உண்டு, செலவும் பல மடங்கு, 2030-க்குள் 500 ஜிகாவாட் என்ற இலக்கு தடைபடும் என்பது அரசின் வாதம். அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பில் இருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது. அதாவது, பறவைக்கும் நியாயம் உண்டு, பசுமை மின்சாரத்துக்கும் நியாயம் உண்டு என்பதுதான் நிலைப்பாடு.

2025 டிசம்பர் 19: நிபுணர் குழுவின் பரிந்துரைகளை நீதிபதி பி.எஸ்.நரசிம்மா தலைமையிலான அமர்வு ஏற்றது. கானமயிலுக்கான முன்னுரிமைப் பகுதி ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740 சதுர கி.மீ. என்று வரையறுக்கப்பட்டது. இந்தப் பகுதிக்குள் புதிய காற்றாலைகளுக்கும், 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சூரிய மின் திட்டங்களுக்கும் அனுமதி இல்லை. புதிய மின்பாதைகள் குறிப்பிட்ட தடங்கள் வழியாகவே போக வேண்டும். ஆபத்தான சில பாதைகளை நிலத்தடிக்கு மாற்றவும் உத்தரவு.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பில் சுற்றுச்சூழல் பொறுப்பும் அடங்கும், இந்தப் பறவையின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாகத்தான் மின் நிறுவனங்கள் நடந்துகொள்ள வேண்டும் என்ற பொருளிலும் நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

99,000-த்தில் இருந்து 15,000-க்கும் கீழே. பாதுகாக்கும் பரப்பு சுருங்கிவிட்டது என்று ஒரு தரப்பு கவலைப்படுகிறது. காகிதத்தில் பெரிய பரப்பு இருப்பதைவிட, உண்மையில் காக்கக்கூடிய பரப்பு இருப்பதே மேல் என்கிறது இன்னொரு தரப்பு.

கம்பியில் தொங்கும் அந்தக் கருவி என்ன?

'பேர்டு டைவர்ட்டர்' என்பார்கள். கம்பியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடும் சிறிய தட்டு. காற்றில் சுழலும், வெளிச்சத்தில் மின்னும். பறவை தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிப் போகும் என்பது எதிர்பார்ப்பு. இது மோதல்களைக் குறைக்கிறது, ஆனால் முழுதாக நிறுத்துவதில்லை. பாலைவனக் காற்றிலும் வெயிலிலும் கருவி உடைந்து விழுந்தால், அங்கே மறுபடி வெறும் கம்பிதான். அதனால் பொருத்தினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும்.

முட்டையை எடுத்து வளர்ப்பது எப்படி?

கம்பிப் பிரச்னை தீரும் வரை இனம் அழியாமல் இருக்க ஒரு காப்பீடு வேண்டும். அதுதான் இனப்பெருக்க மையம். 2016-ல் ரூ.33.85 கோடி மதிப்பில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ராஜஸ்தான் வனத்துறை, இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆகிய மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 2019-ல் ஜெய்சல்மேர் அருகே சம் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. பிறகு ராம்தேவ்ராவில் இன்னொரு மையம் வந்தது.

வளர்ந்த பறவையைப் பிடிப்பது ஆபத்து. பயந்து ஓடியே உயிரை விட்டுவிடலாம். அதனால் காட்டில் உள்ள முட்டையை எடுத்து வந்து இன்குபேட்டரில் பொரிக்க வைக்கிறார்கள்.

அப்போ தாய்ப்பறவைக்கு அந்த ஆண்டு நஷ்டம்தானே? முழுக்க அப்படியில்லை. பருவத்தின் தொடக்கத்திலேயே முட்டை போய்விட்டால், பெண் பறவை அதே பருவத்தில் இன்னொரு முட்டை இட வாய்ப்பு உண்டு. எப்படியும் நரிக்கும் நாய்க்கும் போகக்கூடிய முட்டைகளில் ஒரு பங்கை எடுப்பதால் காட்டின் கணக்கு பெரிதாகக் கெடாது என்பதே திட்டத்தின் அடிப்படை.

பொரித்த குஞ்சை மனிதர்கள் கையால் ஊட்டி வளர்க்கிறார்கள். எடை, வெப்பநிலை, இரை எல்லாம் அளந்துதான். அபுதாபியில் உள்ள சர்வதேச ஹௌபாரா பாதுகாப்பு நிதியம் தொழில்நுட்ப உதவி தருகிறது. கானமயிலின் உறவுப் பறவையான ஹௌபாராவை ஆயிரக்கணக்கில் மையங்களில் வளர்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு.

டோனியும் சூடாவும்

கையால் வளர்ந்த பறவைகள் தாங்களே முட்டையிடுமா என்பது அடுத்த பெரிய கேள்வி. 2023-ல் பதில் கிடைத்தது. டோனி என்று பெயர் வைக்கப்பட்ட பெண் பறவை மையத்திலேயே முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தது.

2024-ல் அடுத்த படி. ராம்தேவ்ரா மையத்தில் சூடா என்ற ஆண் பறவைக்கு, பெண் பறவை போன்ற பொம்மையைக் காட்டிப் பழக்கி, விந்தணுவைச் சேகரித்தார்கள். அதை 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் சம் மையத்துக்குக் கொண்டு போய், செப்டம்பரில் டோனிக்குச் செலுத்தினார்கள். அக்டோபர் 16 அன்று குஞ்சு வெளியே வந்தது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த முதல் கானமயில் அதுதான்.

இது ஏன் முக்கியம்? இணை சேர மறுக்கும் பறவைகளின் மரபணுவும் வீணாகாது. ஒரே ஒன்றிரண்டு ஆண்களின் வாரிசுகளாகவே கூட்டம் முழுக்க நிறைந்துவிடாமல் தடுக்கலாம். எதிர்காலத்தில் விந்தணு வங்கியும் அமைக்கலாம். சின்னக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்வது நோய்க்கும் பலவீனத்துக்கும் வழி என்பதால், இந்த வசதி பெரிய பலம்.

இரண்டு மையங்களிலும் சேர்த்து இப்போது பறவைகளின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது.

கட்ச் சொல்லும் பாடம்

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தே உதாரணம். கட்ச் மாவட்டத்தின் நலியா பகுதிப் புல்வெளியில் சில பெண் கானமயில்கள் மட்டும் மிஞ்சின. ஆண் பறவை பல ஆண்டுகளாகக் கண்ணில் படவில்லை. பெண் பறவைகள் வழக்கம் போலப் பருவத்தில் முட்டை இட்டன. அடையும் காத்தன. ஆனால் கருவுறாத முட்டை எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரியாது.

வெளியே இருந்து பார்த்தால் 'இன்னும் பறவை இருக்கிறதே' என்று தோன்றும். உண்மையில் அந்தக் கூட்டம் தானாகப் பெருகும் சக்தியை இழந்துவிட்டது. ராஜஸ்தானில் கூட்டம் பலமாக இருந்தால்தான் இது போன்ற இடங்களுக்கு முட்டையையோ பறவையையோ கொடுத்து உதவ முடியும்.

மையத்தில் பிறந்தவற்றைக் காட்டில் விடலாமா?

நோக்கமே அதுதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. கையால் வளர்ந்த பறவைக்கு மனிதனைக் கண்டால் பயம் இருக்காது. நரி எது, நாய் எது என்று கற்றுக்கொடுக்கத் தாய் இல்லை. அதனால் முதல் தலைமுறையை மையத்திலேயே வைத்துக்கொண்டு, அவற்றின் வாரிசுகளை மனித வாடை அதிகம் படாமல் வளர்த்து, வேலியிட்ட பெரிய புல்வெளியில் பழக்கி, பிறகு வெளியே விடுவது என்பதுதான் வழி. இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எங்கே விடுவது? ஐந்தாறு ஆண்டு உழைத்து வளர்த்த பறவையை, அதே கம்பிகள் தொங்கும் வானத்தில் விட்டால் என்ன பயன்?

சில நல்ல இடங்கள் இன்னும் இருக்கின்றன. 3,162 சதுர கி.மீ. பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்காவில், நாய் நுழையாதபடி வேலியிட்ட பகுதிகளில் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. பொக்ரானில் உள்ள ராணுவத்தின் சுடுதளமும் எதிர்பாராத அடைக்கலம். அங்கே அவ்வப்போது குண்டு வெடிக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் டிராக்டர் ஓடாது, மேய்ச்சல் இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு. குண்டுச் சத்தத்தைவிட மின்கம்பிதான் கானமயிலுக்கு ஆபத்தாக இருக்கிறது.

உள்ளூர் மக்கள் ஏன் முக்கியம்?

மத்தியப் பிரதேசத்தின் கரேரா சரணாலயத்தின் கதை இதற்குப் பதில். 1981-ல் கானமயிலுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. உள்ளே இருந்த கிராம மக்கள் தங்கள் நிலத்தை விற்கக்கூட முடியாத நிலை. வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. இத்தனைக்கும் காரணம் அந்தப் பறவைதான் என்று மக்கள் வெறுத்தார்கள். சில ஆண்டுகளில் பறவை மறைந்தது. பறவையே இல்லாத சரணாலயம் கடைசியில் ரத்தும் செய்யப்பட்டது.

ஜெய்சல்மேரில் நிலைமை கொஞ்சம் வேறு. வனவிலங்குகளைத் தெய்வமாக மதிக்கும் பிஷ்னோய் சமூகத்தினர், கால்நடை மேய்ப்பவர்கள், உள்ளூர் இளைஞர்கள் எனப் பலர் கானமயிலைக் கண்காணிக்கிறார்கள். கம்பியில் அடிபட்ட பறவை பற்றிய தகவல் முதலில் வருவது பெரும்பாலும் இவர்களிடம் இருந்துதான். மேய்ச்சல் நிலம் பிழைத்தால் ஆடு மாடும் பிழைக்கும், கானமயிலும் பிழைக்கும். இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒரே புல்வெளி.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இங்கேயும் காற்றாலை, சூரிய மின் திட்டங்கள் வேகமாகப் பெருகுகின்றன. 'தரிசு' என்று நாம் நினைக்கும் இடத்தில் என்ன வாழ்கிறது என்று முதலிலேயே பார்த்துவிட்டு, மின்பாதையை எங்கே போடலாம் என்று முடிவு செய்தால் செலவும் குறையும், வழக்கும் வராது. எல்லாம் கட்டி முடித்த பிறகு கம்பியை நிலத்தடிக்கு மாற்றுவதுதான் இருப்பதிலேயே செலவு அதிகமான வழி.

அடுத்து கவனிக்க வேண்டியவை

கானமயில் பிழைக்குமா என்பது இனி வரும் சில ஆண்டுகளில் மூன்று விஷயங்களில் தெரிந்துவிடும்.

ஒன்று, உச்ச நீதிமன்றம் சொன்ன மின்பாதைகள் காலத்தோடு நிலத்தடிக்கு மாற்றப்படுகின்றனவா என்பது. 2021 உத்தரவு போல மீண்டும் அவகாசம் கேட்டு நீண்டுகொண்டே போனால், ஒவ்வொரு ஆண்டும் பறவைகள் குறையும்.

இரண்டு, மையங்களில் பிறந்த பறவைகள் வெளியே போய், யார் உதவியும் இல்லாமல் வெறும் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றனவா என்பது. மையத்தின் வெற்றியை அதை வைத்துத்தான் அளக்க முடியும்.

மூன்று, ஓரண்களும் மேய்ச்சல் நிலங்களும் பதிவேட்டில் 'தரிசு' என்ற பெயரில் இருந்து விடுபடுகின்றனவா என்பது.

மையங்களில் உள்ள பறவைகள் இப்போதைக்கு அவகாசம் வாங்கித் தந்திருக்கின்றன. டோனி இட்ட முட்டையில் இருந்து வந்த பெண் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள். அவை வெளியே பறக்கத் தயாராகும் முன், மேலே உள்ள கம்பிகளை இறக்கி முடிக்க வேண்டும்.